காஞ்சிபுரத்துப் பாதிரியாரும் நந்தியாலின் மறுப்பும்

1940களின் தொடக்கத்தில் காஞ்சிபுரம் ராமகிருஷ்ண மடத்துக்கு வாரம் ஒரு மாலை ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் வந்துபோவார். துறவிகளோடு தரையில் அமர்ந்து படிப்பார். உபநிடதம் ஒரு பக்கம், யோவான் சுவிசேஷம் ஒரு பக்கம் என்று மாறி மாறிப் பாடம் நடக்கும். அவர் பெயர் லெஸ்லி நியூபிகின். 1909இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் பிறந்தவர். ஸ்காட்லாந்து சபையின் மிஷனரியாக 1936இல் மனைவி ஹெலனோடு கப்பலேறிச் சென்னை வந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே பேருந்து விபத்தில் கால் முறிந்து ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. 1939இல் மீண்டும் வந்தபோது கிடைத்த பணியிடம் காஞ்சிபுரம்.

காஞ்சிக்கு ஸ்காட்லாந்து மிஷனோடு உறவு பழையது. அதன் மிஷனரி ஜான் ஆண்டர்சனின் பெயரைத் தாங்கிய பள்ளி இன்றும் அங்கே நடக்கிறது. பட்டுத்தறி ஓடும் தெருக்கள், கோயில்கள், சுற்றியுள்ள கிராமங்களில் சிதறிக் கிடந்த சிறு சிறு கிறிஸ்தவச் சபைகள் ஆகியவற்றுக்கு நடுவே நியூபிகின் தமிழை நன்றாகக் கற்றார். 1947இல் 37 வயதில் மதுரை, ராமநாதபுரம் பகுதிக்குப் பேராயரானார்.

இதில் ஒரு வியப்பு இருக்கிறது. அவர் பிரஸ்பிட்டேரியன் சபைக்காரர். பேராயர் என்ற பதவியே அந்தச் சபையில் கிடையாது. மூப்பர்கள் கூடிப் பேசி நடத்தும் சபை அது. அப்படிப்பட்ட ஒருவர் பேராயராக முடிந்ததன் பின்னால் 28 ஆண்டுப் பேச்சுவார்த்தையும், இலண்டன் வரை எழுந்த எதிர்ப்பும், ஆந்திரத்தில் ஒரு பகுதி முழுக்கப் பிரிந்து நின்ற கதையும் இருக்கின்றன. உலக ஆங்கிலிக்கன் சபைகள் இரண்டாகப் பிளந்து நிற்கும் இந்த நேரத்தில் அந்தக் கதையைத் திரும்பிப் பார்ப்பது பயனுள்ளது.

இன்றைய பிளவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இங்கிலாந்து சபையிலிருந்து கிளைத்து உலகெங்கும் பரவிய சபைகளின் குடும்பத்துக்கு ஆங்கிலிக்கன் ஐக்கியம் என்று பெயர். கத்தோலிக்கர்களுக்குப் போப் இருப்பதுபோல இவர்களுக்கு ஆணையிடும் தலைவர் இல்லை. கேன்டர்பரி தலைமைப் பேராயர் மற்றவர்களுக்குச் சமமானவர். சமமானவர்களில் முதல்வர், அவ்வளவுதான். 1867 முதல் அவர் அழைக்க, உலகப் பேராயர்கள் லாம்பெத் மாநாட்டில் கூடுகிறார்கள். யாரை யார் பேராயராக ஏற்கிறார்கள், யாரோடு யார் திருவிருந்தில் பங்குபெறுகிறார்கள் என்பதில்தான் இந்தக் குடும்பத்தின் ஒற்றுமை முழுவதும் நிற்கிறது.

2003இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில், ஆண் துணையோடு வெளிப்படையாக வாழ்ந்த ஜீன் ராபின்சன் பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார். வேதாகமம் சொல்லும் திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியது, சபைக்கு அதை மாற்ற அதிகாரமில்லை என்று உறுதியாக நம்பிய பேராயர்கள் அதிர்ந்துபோனார்கள். அவர்களில் பலர் ஆப்பிரிக்கர்கள். 2008இல் எருசலேமில் கூடி, கேஃப்கான் என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே வட அமெரிக்காவில் பழைய சபையை விட்டு வந்தவர்கள் தனிச்சபை கண்டார்கள். 2023 பிப்ரவரியில் இங்கிலாந்து சபையின் பொதுமன்றம் ஒருபால் இணையருக்கான ஆசீர்வாத ஜெபங்களை வரவேற்றது. அதே மாதம், உலகின் தென்பகுதிச் சபைகளின் கூட்டமைப்பைச் சேர்ந்த தலைமைப் பேராயர்கள், கேன்டர்பரி தலைமைப் பேராயரைச் சமமானவர்களில் முதல்வராக இனி ஏற்க முடியாது என்று அறிக்கை விட்டார்கள். 2025 அக்டோபரில் சாரா முல்லாலி அந்தப் பதவிக்கு வரப்போகும் முதல் பெண்ணாக அறிவிக்கப்பட்டார். இரண்டு வாரத்துக்குள் ருவாண்டாவின் தலைமைப் பேராயர் லாரன்ட் இம்பாண்டா கேஃப்கானின் தலைவராக ஓர் அறிக்கை வெளியிட்டார். கேன்டர்பரியை மையமாகக் கொண்ட அமைப்புகளை ஏற்க மாட்டோம், நாங்கள் வெளியேறவும் இல்லை, உண்மையான ஆங்கிலிக்கன் ஐக்கியம் நாங்களே என்பது அதன் சாரம்.

நைஜீரியா, உகாண்டா, ருவாண்டா ஆங்கிலிக்கன்கள் சேர்ந்தால் இங்கிலாந்தில் ஞாயிறுதோறும் ஆலயத்துக்கு வருகிறவர்களைப் போலப் பல மடங்கு. ஆகவே இதை ஓரத்தில் நிற்கும் சிலரின் முணுமுணுப்பு என்று தள்ளிவிட முடியாது. தங்களுக்கு உகந்த துணையைத் தேடி, கண்டம் விட்டுக் கண்டம் போய்க் கைகோக்கிறார்கள் இந்தப் பேராயர்கள்.

தமிழ்நாடு இந்தப் பிளவின் இன்னொரு வடிவத்தை எண்பது ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷன் சங்கங்கள் நம் மாவட்டங்களைப் பங்குபோட்டுக்கொண்டன. திருநெல்வேலி சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்ற இரண்டு ஆங்கிலிக்கன் சங்கங்களுக்கு. நாகர்கோவில் இலண்டன் மிஷனுக்கு. மதுரை அமெரிக்க மிஷனுக்கு. மன்னார்குடிப் பக்கம் மெதடிஸ்டுகளுக்கு. காஞ்சிபுரமும் செங்கல்பட்டும் ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு. ஒருவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்பதை அவர் தாத்தாவின் ஊருக்கு எந்த மிஷனரி வந்தார் என்பது தீர்மானித்தது. நாகர்கோவில்காரர் பிழைப்புக்காகப் பாளையங்கோட்டைக்குக் குடிபெயர்ந்தால், பேராயர் கைவைத்துத் திடப்படுத்தாதவர் என்பதால் முறைப்படி அங்கே திருவிருந்தில் சேர முடியாது. அதே வேதாகமம், அதே ஞானஸ்நானம், சொந்தபந்தம்கூட ஒன்று; பந்தி மட்டும் வேறு. ஐரோப்பாவில் பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் நடந்த சண்டைகளின் எல்லைக்கோடு தாமிரபரணிக் கரையில் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த வலியை உரக்கச் சொன்னவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர், இந்திய மிஷனெரி சங்கத்தை 1903இல் தொடங்கியவர்களில் ஒருவர், 1912இல் டோர்னக்கல்லின் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் என்ற இடத்தைப் பெற்றவர். 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில், நீங்கள் எங்களுக்காகச் செய்த தியாகங்கள் போதும், எங்களுக்கு நண்பர்களாக இருங்கள் என்ற பொருளில் அவர் கேட்டது வெள்ளை மிஷனரிகளைச் சுட்டது. பேராயரான பிறகு, பிரிந்து கிடக்கும் சபை இந்தியாவில் பாவமும் இடறலும் என்று ஓயாமல் சொல்லிவந்தார்.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் முப்பத்துச் சொச்சம் ஆயர்கள் கூடினார்கள். ஏறத்தாழ எல்லாரும் இந்தியர்கள். ஆங்கிலிக்கன் சபையினரும், பிரஸ்பிட்டேரியன்களும் காங்கிரிகேஷனல்காரர்களும் 1908இல் சேர்ந்து அமைத்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையினரும் அங்கே பேசி ஓர் அறிக்கை எழுதினார்கள். இந்தப் பிரிவுகளை நாங்கள் உண்டாக்கவில்லை, இவை எங்கள்மேல் சுமத்தப்பட்டவை என்பது அதன் அடிநாதம். பேராயர் பதவியை ஏற்போம், அவர் சபைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவராக இருக்கட்டும், விசுவாசிகள் எல்லாரும் ஆவிக்குரிய நிலையில் சமம் என்பது அவர்கள் கண்ட வழி. மிஷனரி சீகன்பால்கு 1706இல் கரையிறங்கிய அதே ஊர்தான் இதற்கும் களமானது.

மெதடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். 1929இல் ஐக்கியத் திட்டத்தின் வரைவு அச்சாயிற்று. அப்புறம்தான் உண்மையான சிக்கல் தொடங்கியது.

ஆங்கிலிக்கன் சபையில் ஒரு பெரும்பிரிவினர், கத்தோலிக்க மரபைப் போற்றுபவர்கள், பேராயர் பரம்பரையைச் சபையின் உயிர்நாடி என்று கருதினார்கள். அப்போஸ்தலர்கள் கைவைத்துப் பட்டம் கொடுத்தார்கள். அவர்களிடம் பெற்றவர்கள் அடுத்தவர்களுக்குக் கொடுத்தார்கள். அறுபடாத அந்தச் சங்கிலியில் வந்த பேராயர் கைவைத்தால்தான் ஒருவர் குருவானவர் ஆவார். அந்தக் குருவானவர் நடத்தினால்தான் திருவிருந்து முறையானது. அப்படியானால் பிரஸ்பிட்டேரியன் ஆயரை, மெதடிஸ்ட் ஆயரை மறுபடி பட்டம் கொடுக்காமல் அப்படியே ஏற்றுக்கொள்வது எப்படி? ஐக்கியத் திட்டமோ, ஏற்கெனவே ஆயர்களாக இருக்கும் யாருக்கும் மறுபட்டம் கிடையாது, இனிமேல் பட்டம் பெறுகிறவர்களுக்கு மட்டும் பேராயர் கைவைப்பார் என்றது. முப்பது ஆண்டு இரண்டு வகை ஆயர்களும் ஒரே சபையில் இருப்பார்கள் என்றது.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் வடகலையாரும் தென்கலையாரும் சேவிப்பது ஒரே பெருமாளைத்தான். போற்றுவதும் ஒரே நாலாயிரத்தைத்தான். ஆனால் யார் முன்னின்று ஓதுவது, எந்த ஆசாரியரின் பெயரைச் சொல்லித் தொடங்குவது என்ற வழக்கு நூறாண்டுக்கும் மேலாகச் சென்னை உயர்நீதிமன்றப் படியேறி வந்திருக்கிறது. வெளியாருக்கு இது ஒரு வரிச் சண்டை. உள்ளே நிற்பவருக்கோ அந்த ஒரு வரியில்தான் குருபரம்பரை முழுவதும் அடங்கியிருக்கிறது. 1930களில் பேராயர் பரம்பரைக்காக வாதாடியவர்களையும் அப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் பிடிவாதக்காரர்கள் என்று எழுதிவிட்டுப் போவது நியாயமாகாது. தாங்கள் பெற்றதைப் பழுதில்லாமல் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும் கடமை தங்களுக்கு இருக்கிறது என்று அவர்கள் நம்பினார்கள்.

எதிர்ப்பு மறுபக்கத்திலும் இருந்தது. பேராயர்களின் ஆதிக்கத்திலிருந்து விடுபட்டு வந்த பரம்பரை எங்களுடையது, மறுபடி அந்த நுகத்தையா மாட்டிக்கொள்வது என்று தென்னிந்திய ஐக்கிய சபையில் பலர் கேட்டார்கள். இவர்களிடையே நின்று வாதாடிய முக்கியக் குரல்களில் ஒன்று காஞ்சிபுரத்து நியூபிகினுடையது. பேராயர் பதவி அதிகாரத்துக்கான நாற்காலியாக இருக்க வேண்டியதில்லை, சபையின் ஒற்றுமையைத் தாங்கும் பொறுப்பாக அதை ஏற்கலாம் என்பது அவருடைய நிலை. 1948இல் ஐக்கியத் திட்டத்துக்கு ஆதரவாக ஒரு முழுப் புத்தகமே எழுதினார். பல மதத்தார் கூடி வாழும் ஊரில் பணிசெய்த அனுபவம் அவர் வாதத்துக்கு வலு சேர்த்தது என்றே தோன்றுகிறது.

இங்கிலாந்தில் இந்தத் திட்டம் கிளப்பிய புழுதி நமக்கு இன்று வியப்பாக இருக்கும். கவிஞர் டி.எஸ். எலியட் 1943இல் இதற்கு எதிராக ஒரு சிறுநூலே வெளியிட்டார். ஐக்கியம் என்ற பெயரில் அழிவு நடக்கிறது என்று அதன் தலைப்பே குற்றம் சாட்டியது. தென்னிந்தியாவில் நடப்பது நாளை இங்கிலாந்துக்கு முன்மாதிரியாகிவிடும் என்பது அவர் அச்சம். துறவற இல்லங்களின் தலைவர்கள் தலைமைப் பேராயர் வில்லியம் டெம்பிளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். திட்டத்துக்குத் தலையசைத்தால் ஆங்கிலிக்கன் சபையே உடையும் என்ற எச்சரிக்கை அடிக்கடி கேட்டது.

1945 ஜனவரியில் இந்தியா, பர்மா, இலங்கை ஆங்கிலிக்கன் சபையின் பொதுமன்றம் சென்னையில் கூடித் திட்டத்தை ஏற்றது. அந்த மாதம் முதல் தேதியே அசரியா இறந்துபோயிருந்தார். இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் எதற்காக உழைத்தாரோ அந்த வாக்கெடுப்பை அவர் பார்க்கவில்லை. 1947 செப்டம்பர் 27 அன்று, நாடு விடுதலை பெற்ற ஏழாவது வாரத்தில், சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள், 14 திருமண்டலங்கள். மதுரைக்கு நியூபிகின். யாழ்ப்பாணத்துக்குச் சபாபதி குலேந்திரன். சென்னையின் ஆங்கிலிக்கன் பேராயர் மைக்கேல் ஹாலிஸ் புதிய சபையின் முதல் பிரதமப் பேராயரானார். பேராயர்கள் உள்ள சபையும் இல்லாத சபைகளும் இப்படி ஒன்றானது உலகிலேயே முதல்முறை.

இதற்குக் கொடுத்த விலையைத் திருச்சபை விழாக்களில் அதிகம் பேசுவதில்லை.

ஐக்கியத்தில் சேர்ந்த ஆங்கிலிக்கன் திருமண்டலங்கள் நான்கும் தங்கள் தாய்க் குடும்பத்தை விட்டு வெளியே நின்றன. எஸ்.பி.ஜி. சங்கம் தன் பொது நிதியிலிருந்து அவற்றுக்கு உதவுவதை நிறுத்தியது. விருப்பமுள்ளவர்கள் தருவதற்குத் தனிக்கணக்கு தொடங்கப்பட்டது. பேராயர்களின் வாதம் எப்போதும் மேல்மட்டத்தில் நடக்கிறது. அதன் அடி உபதேசியாரின் சம்பளத்தில் விழுகிறது, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விழுகிறது. 1948 லாம்பெத் மாநாட்டில், புதிய சபையில் பட்டம் பெற்றவர்களை உண்மையான பேராயர்களாகவும் ஆயர்களாகவும் ஏற்கலாம் என்று பெரும்பான்மையினர் சொன்னார்கள். கணிசமான சிறுபான்மையினர் இப்போது முடிவு சொல்ல இயலாது என்றார்கள். இங்கிலாந்து சபையின் மன்றங்கள் அவர்களை ஏற்றது 1955இல். தென்னிந்தியத் திருச்சபைப் பேராயர்கள் லாம்பெத்தில் முழு உறுப்பினர்களாக உட்கார்ந்ததோ 1988இல். நாற்பத்தொரு ஆண்டு!

ஆந்திரத்து நந்தியாலின் கதை இன்னும் நெருடலானது. டோர்னக்கல் திருமண்டலத்தில், எஸ்.பி.ஜி. மிஷனரிகள் கத்தோலிக்க மரபில் வளர்த்த பகுதி அது. அங்கிருந்த ஆயிரக்கணக்கான தெலுங்குக் கிறிஸ்தவர்கள், பெரும்பாலும் ஏழைக் கிராமத்தார், ஐக்கியத்தில் சேர மறுத்தார்கள். அசரியாவின் சொந்தத் திருமண்டலத்திலேயே! கல்கத்தாவின் மேற்பார்வையில், நாங்கள் ஆங்கிலிக்கன்களாகவே இருப்போம் என்று நின்றார்கள். அக்கம்பக்கத்து ஊர்களில் ஒரே குடும்பத்தார் இரண்டு சபைகளாகப் பிரிந்தார்கள். பிரிவினையை ஒழிக்க நடந்த ஐக்கியமே ஒரு புதிய பிரிவினையைப் பெற்றெடுத்தது.

ஆனால் புதிய சபை அவர்களை வளைக்கப் பார்க்கவில்லை. ஐக்கியத் திட்டத்திலேயே ஒரு வாக்குறுதி எழுதப்பட்டிருந்தது. எந்தச் சபையாரின் மனசாட்சிக்கும் ஒவ்வாத ஆராதனை முறையையோ, அவர்களுக்குப் பழக்கமில்லாத ஆயர் ஊழியத்தையோ அவர்கள்மேல் திணிக்க மாட்டோம் என்பது அதன் கருத்து. முப்பது ஆண்டு அவகாசமும் இதே மனநிலையில் பிறந்ததுதான். இன்றே எல்லாவற்றுக்கும் விடை வேண்டும் என்று யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை. என் பார்வையில், தென்னிந்திய ஐக்கியத்தின் மிகப் பெரிய சாதனை இந்த வாக்குறுதிதான். பேராயர் பரம்பரைக்குக் கண்ட தீர்வுகூட அதற்கு அடுத்த இடம்தான்.

1975இல் நந்தியால் தானாகவே தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தது. தரங்கம்பாடியிலிருந்து சென்னை வரை ஐக்கியத்துக்கு 28 ஆண்டு பிடித்தது; நந்தியாலுக்கு மேலும் 28 ஆண்டு பிடித்தது. 2013 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை தன் முதல் பெண் பேராயரை அபிஷேகம் செய்தபோது, அந்த எக்கோனி புஷ்பலலிதா பொறுப்பேற்ற திருமண்டலம் நந்தியால். ஒருகாலத்தில் பழமையைக் காக்கத் தனித்து நின்ற மக்களின் திருமண்டலம்!

இதைக் காட்டி, இன்றைய மரபுவாதப் பேராயர்களும் நாளை மனம் மாறுவார்கள் என்று சொல்ல வரவில்லை. இரண்டு சண்டைகளும் ஒன்றல்ல. 1947இல் எழுந்த கேள்வி சபையின் ஒழுங்கைப் பற்றியது. இன்றைய கேள்வி திருமணம் எது, வேதாகமத்தை எப்படிப் படிப்பது என்பதைப் பற்றியது. ஆப்பிரிக்கப் பேராயர்கள் பலர் அதை இரட்சிப்பைத் தொடும் கேள்வியாகவே பார்க்கிறார்கள். இலண்டனிலிருந்து பாடம் சொல்லித்தரும் தொனி அவர்களுக்கு எரிச்சலூட்டுவதில் நியாயம் இருக்கிறது. நண்பர்களாக இருங்கள் என்று அசரியா எடின்பரோவில் கேட்டதும் அந்தத் தொனிக்கு எதிராகத்தான். மறுபுறம், ஒருபால் ஈர்ப்புள்ள கிறிஸ்தவர்கள் இந்த விவாதத்தில் வெறும் பொருளாகப் பேசப்படுகிறார்கள், ஆட்களாக அழைத்து உட்கார வைக்கப்படுவதில்லை. இந்தப் பழியில் இரு தரப்பாருக்கும் பங்கு உண்டு.

இரண்டும் ஒத்துப்போகும் இடம் வேறொன்று இருக்கிறது. அன்று இங்கிலாந்தின் மரபுவாதிகள் ஆங்கிலிக்கன் சபை உடைந்துவிடும் என்றார்கள், உடையவில்லை. இன்று ஒவ்வொரு தரப்பும், எதிர்த்தரப்போடு ஒரே பந்தியில் உட்கார்ந்தால் நம் விசுவாசம் அழிந்துவிடும் என்கிறது. தென்னிந்தியாவில் பந்தியை விட்டு எழுந்து போனவர்களுக்கும் இடம் காலியாகவே வைக்கப்பட்டிருந்தது, அவர்கள் வருவதற்குக் கெடு வைக்கப்படவில்லை. கேன்டர்பரியும் கேஃப்கானும் இதுவரை ஒருவருக்கொருவர் செய்திராத காரியம் இது.

தென்னிந்தியத் திருச்சபைக்கு இதைச் சொல்லும் தகுதி இருக்கிறது. உலக ஆங்கிலிக்கன் ஐக்கியத்திலும், உலகச் சீர்திருத்தச் சபைகளின் ஐக்கியத்திலும், உலக மெதடிஸ்ட் மன்றத்திலும் ஒருசேர உறுப்பினராக இருக்கும் சபை அது. ஆனால் அதன் குரல் இந்த விவாதத்தில் எழவில்லை. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். பேராயர் தேர்தல், நிர்வாகக் குழுத் தேர்தல், கல்லூரி, நிலம் என்று சபையின் சக்தி உயர்நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் கரைகிறது. கொள்கைக்காகக் கட்டப்பட்ட ஒற்றுமை சொத்துக்காகச் சிதறுவதைப் பார்க்கும் எளிய சபையார் மனம் நோகிறார்கள். அவர்கள் காணிக்கைதான் வழக்கறிஞர் கட்டணமாகிறது.

ஆண்டுதோறும் செப்டம்பர் 27 அன்று திருச்சபை உதயமான நாள் கொண்டாடப்படுகிறது. அன்று பிரசங்க பீடத்தில் ஏறும் ஆயர்களுக்கு ஒரு வேண்டுகோள். புனித ஜார்ஜ் பேராலயத்தில் கூடியவர்களைப் பற்றிச் சொல்லுங்கள். அதோடு, வர மறுத்த நந்தியால் கிராமத்தாரைப் பற்றியும், அவர்களைத் திட்டாமல் 28 ஆண்டு காத்திருந்ததைப் பற்றியும் சொல்லுங்கள். வழக்காடிக்கொண்டிருக்கும் திருமண்டலங்களில் முதலில் சொல்லுங்கள்.